ஒரெஸ்டெஸ் தாயைக் கொன்றது சரியா? கிரேக்கப் புராணத்தில் குடும்பப் பழியும் நீதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்ரியஸ் வம்சத்தின் கதையை யாருக்குச் சொன்னாலும் கடைசியில் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் ஏஸ்கிலஸ் எழுதிய ‘ஒரெஸ்டியா’ என்ற மூன்று நாடகத் தொடரை வைத்துத்தான் பேசப்போகிறேன். கி.மு. 458இல் ஏதென்ஸ் நகரத்து டயோனிசியா விழாவில் அரங்கேறி முதல் பரிசு வாங்கியது. பழைய கிரேக்கத்திலிருந்து மூன்று நாடகங்களும் முழுசாக நம் கைக்கு வந்து சேர்ந்த ஒரே தொடர் இதுதான்.

கதை தெரியாது. நாலு வரியில் சொல்ல முடியுமா?

சொல்லலாம். டிராய் நகரத்தின் மேல் படையெடுக்கக் கிளம்பிய அகமெம்னான், கப்பலுக்குக் காற்று வேண்டும் என்பதற்காகத் தன் மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுக்கிறான். பத்து வருஷம் கழித்து வெற்றியோடு வீடு திரும்பியவனை மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா குளியல் தொட்டியிலேயே வெட்டிக் கொல்கிறாள். அதற்குப் பழிவாங்க மகன் ஒரெஸ்டெஸ், பெற்ற தாயைக் கொல்கிறான். தாயின் ரத்தத்துக்கு நியாயம் கேட்டு எரினிகள் என்ற பழிதேவதைகள் அவனைத் துரத்த, கடைசியில் வழக்கு ஏதென்ஸ் நகரத்தில் அதீனா தேவியிடம் போய் நிற்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு ஏன் இவ்வளவு சாபம்?

அகமெம்னானோடு தொடங்கியது இல்லை இது. கொள்ளுத்தாத்தா டான்டலஸ், தேவர்களைச் சோதிக்கப் பெற்ற மகன் பீலாப்ஸையே வெட்டிச் சமைத்து விருந்து வைத்தவன். தேவர்கள் அந்தப் பிள்ளையை உயிர்ப்பித்தார்கள். பீலாப்ஸ் வளர்ந்து ஒரு தேர்ப்போட்டியில் ஜெயித்து ஹிப்போடேமியாவைக் கல்யாணம் செய்துகொண்டான், ஆனால் அந்த ஜெயிப்புக்கு உதவிய தேரோட்டி மிர்ட்டிலஸைக் கடலில் தள்ளிவிட்டுக் கொன்றான். மிர்ட்டிலஸ் சாகும்போது சபித்துவிட்டுச் செத்தான். அப்புறம் பீலாப்ஸின் பிள்ளைகள் ஆட்ரியஸ், தயஸ்டிஸ். சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டார்கள், தம்பி அண்ணன் மனைவியோடு சேர்ந்தான், அண்ணன் சமாதானம் பேசுவதுபோல் கூப்பிட்டுத் தம்பியின் பிள்ளைகளையே கறியாக்கித் தம்பிக்குப் பரிமாறினான். பங்காளிப் பகை என்று நாம் சொல்வோமே, அதன் அடிமட்டம் இது.

அந்த விருந்துக்குப் பின் தயஸ்டிஸுக்கு மிஞ்சிய மகன் ஐகிஸ்தஸ். அவன்தான் பின்னாளில் அகமெம்னான் ஊரில் இல்லாத நேரத்தில் கிளைட்டம்னெஸ்ட்ராவோடு சேர்கிறவன். ஆட்ரியஸின் மகன் அகமெம்னான். அதனால் அந்தக் குளியலறைக் கொலையில் இரண்டு கணக்குகள் ஒன்றாகத் தீர்க்கப்படுகின்றன: ஒரு தாய் மகளுக்காகக் கேட்பது, ஒரு மகன் தன் அப்பாவுக்காகவும் அண்ணன்களுக்காகவும் கேட்பது. ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இந்த வம்சத்தில் காரணமே இல்லாமல் கொன்றவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். எல்லோரும் நேற்றைய கொலையைக் காட்டித்தான் இன்றைக்குக் கொல்கிறார்கள்.

சாபம்தான் காரணம் என்றால் மனிதர்கள் மேல் குற்றமே இல்லையா?

ஏஸ்கிலஸ் அப்படித் தப்பிக்க யாரையும் விடுவதில்லை. கணவனைக் கொன்றுவிட்டு வெளியே வந்து நிற்கும் கிளைட்டம்னெஸ்ட்ரா முதலில் ‘நான்தான் செய்தேன்’ என்று பெருமையாகச் சொல்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் நெருக்கியதும், என் உருவில் வந்தது இந்த வீட்டின் பழைய பழிப்பேய் என்று மாற்றிப் பேசுகிறாள். பெரியவர்கள் சொல்லும் பதில் எனக்குப் பிடிக்கும். பேய் உனக்குத் துணைக்கு வந்திருக்கலாம், அதற்காக உன் மேல் குற்றம் இல்லை என்று யார் சாட்சி சொல்வது என்கிறார்கள். சாபம் கத்தியை எடுத்துக் கொடுக்கும், பிடித்த கை மனிதருடையது என்பதுதான் அந்த நாடகத்தின் கணக்கு.

இஃபிஜெனியா விஷயத்தில் அகமெம்னானுக்கு வேறு வழி இருந்ததா?

ஆலிஸ் துறைமுகத்தில் கிரேக்கக் கப்பல்கள் கிளம்ப முடியாமல் கிடக்கின்றன. ஆர்ட்டெமிஸ் தேவியின் கோபம், மகளைப் பலி கொடுத்தால்தான் தீரும் என்று கால்கஸ் என்ற குறிசொல்பவர் சொல்லிவிடுகிறார். அகமெம்னான் தவிக்கிறான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மகளைக் கொல்வதும் பாவம், கூட வந்த படையைக் கைவிடுவதும் பாவம் என்று வாய்விட்டே புலம்புகிறான். ஆனால் ஒரு கட்டத்தில் ‘இதுதான் சரி’ என்று மனதைத் திருப்பிக்கொண்டபின் அவனிடம் தயக்கமே இல்லை. ஏஸ்கிலஸ் அதை, நிர்ப்பந்தம் என்ற நுகத்தடிக்குள் அவனாகவே கழுத்தைக் கொடுத்தான் என்று சொல்கிறார். போரை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழி அங்கே இருந்தது. கௌரவம் போயிருக்கும், கூட்டாளிகள் கேவலமாகப் பேசியிருப்பார்கள், ஆனால் பிள்ளை இருந்திருப்பாள்.

அடுத்து வரும் காட்சியை நான் எத்தனை தடவை படித்தாலும் கடந்து போக முடிவதில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் அவளைப் பலிபீடத்துக்கு மேலே தூக்கச் சொல்கிறான். அதோடு வாயைக் கட்டச் சொல்கிறான். சாகும்போது குடும்பத்தின் மேல் சாபம் எதுவும் விட்டுவிடக்கூடாது என்பதற்காக. மஞ்சள் நிற ஆடை தரையில் சரிய, பேச முடியாமல், சுற்றி நிற்கும் ஒவ்வொருவரையும் கண்ணாலேயே கெஞ்சுகிறாள். அந்த ஆட்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவர்கள், அப்பா வைத்த விருந்துகளில் அவள் பாட்டுப் பாடி மகிழ்வித்தவர்கள். அந்த வாய்க்கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவோம்.

அப்படியானால் கிளைட்டம்னெஸ்ட்ரா செய்தது நியாயம்தானே?

கோபம் நியாயம். என் வயிற்றில் சுமந்த பிள்ளை, காற்றுக்கு மந்திரம் போடுகிறமாதிரி அவளை வெட்டினான், அப்போது இந்த ஊர் அவனை நாடு கடத்தியதா, இப்போது எனக்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல வருகிறீர்களா என்று அவள் கேட்கும் கேள்விக்கு அந்த மேடையில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. சிறைப்பிடித்து இழுத்துவரப்பட்ட கசாண்ட்ராவையும் சேர்த்துக் கொல்கிறாள். கசாண்ட்ரா யாருக்கு என்ன செய்தாள்? டிராய் ராஜாவின் மகள், ஊரும் உறவும் எரிந்து சாம்பலானதைப் பார்த்தவள், அகமெம்னான் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டுவந்த அடிமை. மகளுக்காக எடுத்த கத்தி இன்னொரு தாய் பெற்ற பெண்ணின் மேலும் விழுகிறது. அதற்கப்புறம் ஐகிஸ்தஸோடு சேர்ந்து ஆட்சி, இன்னொரு மகள் எலெக்ட்ராவுக்கு அந்த வீட்டிலேயே அடிமை வாழ்க்கை, ஒரெஸ்டெஸ் வெளியூரில். இஃபிஜெனியாவுக்காக என்று தொடங்கியது, உயிரோடு இருக்கும் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையைப் பறித்ததில் போய் முடிகிறது.

ஒரெஸ்டெஸ் ஏன் தாயைத்தான் கொல்லவேண்டும்? மன்னித்துவிட்டுப் போயிருக்கலாமே?

குறி சொல்லும் தெய்வமான அப்போலோ விடவில்லை. அப்பாவைக் கொன்றவர்களைக் கொல்லாவிட்டால் தொழுநோய், பைத்தியம், ஊர் விலக்கு எல்லாம் உனக்கு வரும் என்று தன் கோயில் இருக்கும் டெல்ஃபியில் குறி சொல்லியாகிவிட்டது. செய்யாவிட்டால் தந்தையின் பழிதேவதைகள், செய்தால் தாயின் பழிதேவதைகள். எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்வான்.

நேருக்கு நேர் வந்தபோது கிளைட்டம்னெஸ்ட்ரா மார்பைக் காட்டி, பல் முளைக்காத வாயால் நீ பால் குடித்த மார்பு இது என்கிறாள். அவன் கை நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் நண்பன் பிலாடிஸைப் பார்த்து, நான் என்ன செய்ய, தாயைக் கொல்லக் கூச்சப்பட வேண்டாமா என்று கேட்கிறான். பிலாடிஸ் நாடகம் முழுக்க வாயே திறக்காமல் நின்றவன். இங்கே மூன்றே மூன்று வரி பேசுகிறான்: அப்போலோ சொன்ன வாக்கு என்னாவது, கொடுத்த சத்தியம் என்னாவது, எல்லா மனிதரையும் பகைத்துக்கொண்டாலும் தெய்வத்தைப் பகைக்காதே. அவ்வளவுதான். கொலை நடந்துவிடுகிறது. பேசாத ஒருவன் திடீரென்று பேசினால் அது தெய்வமே பேசியதுபோல் ஒலிக்கும் என்று ஏஸ்கிலஸுக்குத் தெரிந்திருக்கிறது.

எரினிகள் என்றால் யார்? கணவனைக் கொன்றவளை விட்டுவிட்டு மகனை மட்டும் ஏன் துரத்தினார்கள்?

ஏஸ்கிலஸ் அவர்களை இரவின் பெண்மக்கள் என்கிறார். அவருக்கு முந்தைய கவிஞர் ஹீஸியட், வானத் தெய்வமான யுரேனஸின் ரத்தம் பூமியில் விழுந்ததிலிருந்து பிறந்தவர்கள் என்கிறார். அதாவது, ஒரு மகன் தன் தகப்பனை வெட்டியபோது சிந்திய ரத்தம் அது. குடும்பத்துக்குள் சிந்தும் ரத்தத்துக்கு என்றே பிறந்த தேவதைகள்.

ஏன் அவளைத் துரத்தவில்லை என்று நாடகத்திலேயே கேட்கிறார்கள். பதில்: கணவன் ரத்த உறவு இல்லை. கேட்கும்போது எரிச்சல் வரும்தான், ஆனால் அவர்கள் வரையில் அது ஒழுங்கான சட்டம். கல்யாணம் என்பது மனிதர் செய்துகொண்ட ஒப்பந்தம், தாயும் பிள்ளையும் ஒரே ரத்தம். அப்போலோ உடனே, அப்படியானால் கல்யாணத்துக்கு மதிப்பே இல்லையா, தேவர்களின் ராஜா ஜூஸும் ராணி ஹீராவும் செய்துகொண்டது என்ன என்று பிடித்துக்கொள்கிறான்.

தாய் பெற்றவளே இல்லை என்று அப்போலோ வாதாடியது உண்மையா?

உண்மை. வழக்கு நடக்கும்போது அப்போலோ சொல்வது இது: பிள்ளையை உண்டாக்குவது தகப்பன் மட்டும், தாய் அந்த விதையை வைத்துக் காப்பாற்றிக் கொடுக்கும் வேற்றாள், அதற்குச் சாட்சி இதோ நிற்கிறாள், தாயின் வயிற்றிலேயே வளராமல் ஜூஸிடமிருந்து பிறந்த அதீனா. இதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டு எனக்கு எழுதியவர்கள் பலர். கோபப்பட வேண்டியதுதான். முந்தின நாடகத்தில் பல் முளைக்காத வாய் பால் குடித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர்களிடம் போய், தாய்க்கும் பிள்ளைக்கும் உறவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அந்த வாதம் பலவீனமானது என்று காட்டத்தான் ஏஸ்கிலஸ் அப்படி எழுதினார் என்று நான் நினைக்கிறேன். இல்லை, அவர் காலத்தில் அது மதிப்புள்ள கருத்துதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் இந்த வழக்குக்காக அதீனா கூட்டிய நடுவர்களில் பாதிப்பேர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது நாடகத்திலேயே இருக்கிறது.

தீர்ப்பு என்ன?

ஓட்டு சமம். அதீனா தன் ஓட்டை ஒரெஸ்டெஸுக்குப் போட்டுவிட்டு, சமமாக வந்தால் விடுதலை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஏதென்ஸ் நீதிமன்றங்களில் நிஜமாகவே அந்த வழக்கம் இருந்தது. ஆக, அவன் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. குற்றவாளி என்று சொல்ல ஒரு ஓட்டு பத்தவில்லை, அவ்வளவே.

தோற்றுப்போன எரினிகள் சும்மா போய்விட்டார்களா?

போகவில்லை, இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கிற இடம் இங்கேதான் வருகிறது. ஜெயித்த ஒரெஸ்டெஸ் நன்றி சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். அப்போலோவையும் காணோம். நாடகம் அங்கே முடியவில்லை. ஆத்திரத்தோடு நிற்கும் எரினிகள், இந்த மண்ணில் பயிரும் பிள்ளையும் விளையாமல் விஷத்தைச் சொட்டுவோம் என்கிறார்கள். அதீனா அவர்களை அனுப்பிவிடாமல் உட்கார்ந்து பேசுகிறாள். ஒரு தடவை சொல்கிறாள், கேட்கவில்லை, அதே சாபத்தை வார்த்தை மாறாமல் திரும்பச் சொல்கிறார்கள். திரும்பப் பேசுகிறாள். நீங்கள் தோற்கவில்லை, ஓட்டு சமம், உங்களுக்கு அவமானம் இல்லை என்கிறாள். ஜூஸின் இடி இருக்கும் அறையின் சாவி எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லி, அது இங்கே தேவையில்லை என்று உடனே விட்டுவிடுகிறாள். உங்களை விட நான் சின்னவள் என்கிறாள். இங்கேயே இருங்கள், குகையில் இடம் தருகிறோம், கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் முன் முதல் படையல் உங்களுக்கு என்கிறாள். கடைசியில் அவர்கள் மனம் இறங்கி, சபித்த அதே வாயால் ஊரை வாழ்த்துகிறார்கள். ஊரே பந்தம் பிடித்து ஊர்வலமாக அழைத்துப் போகிறது.

தீர்ப்பு வழக்கைத்தான் முடித்தது. பழியை முடித்தது தோற்றவர்களோடு நடந்த அந்தப் பேச்சு. அதற்கு எவ்வளவு வரிகள் ஒதுக்கியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள், தெரியும்.

அந்த நீதிமன்றம் நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. நாடகத்தில் வழக்கு நடக்கும் அரியோபகஸ் என்பது ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பாறைக் குன்று, இன்றைக்கும் ஏறிப் பார்க்கலாம். அங்கே கூடிய சபைக்கு ஒரு காலத்தில் பெரிய அரசியல் அதிகாரம் இருந்தது. கி.மு. 462-461 வாக்கில் எஃபியால்டிஸ் என்ற தலைவர் அதில் பெரும்பகுதியைப் பிடுங்கி மக்கள் அவைகளுக்குக் கொடுத்துவிட்டார், கொலை வழக்குகள் மட்டும் பிரதானமாக மிஞ்சின. அடுத்து எஃபியால்டிஸ் கொலை செய்யப்பட்டார். இதெல்லாம் நடந்து மூன்று நான்கு வருஷத்துக்குள்தான் ‘ஒரெஸ்டியா’ மேடை ஏறுகிறது. உள்ளூரில் ஒருவரையொருவர் கொல்லாதீர்கள் என்று எரினிகள் வாழ்த்துவதைக் கேட்டவர்களுக்கு அது பழைய புராணமாக மட்டும் பட்டிருக்காது.

நிஜ ஏதென்ஸில் கொலைக்கு என்ன சட்டம்? பழிவாங்குவது நின்றுவிட்டதா?

பழி கேட்கும் உரிமை குடும்பத்திடமே இருந்தது, கத்திக்குப் பதில் வழக்கு என்று மாறியது. கொலை வழக்கைத் தொடுக்கவேண்டியது அரசு வக்கீல் இல்லை, செத்தவரின் சொந்தக்காரர்கள். கி.மு. 621 வாக்கில் டிராகோ எழுதிய கொலைச் சட்டத்தை கி.மு. 409-408இல் மறுபடி கல்லில் வெட்டி வைத்தார்கள், அந்தக் கல்லின் பகுதி இன்றும் இருக்கிறது. தெரியாமல் நடந்த கொலை என்றால் செய்தவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும். செத்தவரின் தகப்பன், சகோதரர்கள், மகன்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மன்னிப்பு, ஒரே ஒருவர் மறுத்தாலும் கிடையாது. எல்லோரும் ஒரே மனதாக வேண்டும் என்பதில் எவ்வளவு குடும்ப அரசியல் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் தீட்டு. கொலைகாரன் மேல் ரத்தத் தீட்டு இருக்கிறது, அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கொலை வழக்குகளைத் திறந்த வெளியில் நடத்தினார்கள். அரியோபகஸில் இரண்டு கற்கள் இருந்ததாகப் பயணி பௌசானியஸ் எழுதியிருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் கல்லுக்கு அத்துமீறலின் கல் என்று பெயர். வழக்குத் தொடுத்தவர் நிற்கும் கல்லுக்கு விட்டுக்கொடுக்காமையின் கல்.

ஹோமர் இதைப் பற்றி என்ன சொல்கிறார்?

‘ஒடிசி’யில் ஒரெஸ்டெஸ் ஒரு முன்மாதிரிப் பிள்ளை. அப்பாவைக் கொன்ற ஐகிஸ்தஸைக் கொன்றான், பேர் வாங்கினான், நீயும் அப்படி இரு என்று ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸுக்குப் புத்தி சொல்கிறார்கள். தாயை அவன் கையால் கொன்றதாக ஹோமர் நேராகச் சொல்வதே இல்லை, தாய்க்கும் ஐகிஸ்தஸுக்கும் சேர்த்து ஈமவிருந்து வைத்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எரினிகள் அவனைத் துரத்தும் பேச்சும் கிடையாது. ‘இலியட்’டில் இன்னொரு வழியும் தெரிகிறது: அண்ணனையோ மகனையோ கொன்றவனிடம்கூட ரத்த விலை வாங்கிக்கொண்டு ஆறிப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கிரேக்க வீரன் அஜாக்ஸ் சொல்கிறான்.

மற்ற நாடக ஆசிரியர்கள் எப்படி எழுதினார்கள்?

சோஃபோக்ளிஸின் ‘எலெக்ட்ரா’வில் எரினிகள் வந்து துரத்துவதில்லை, வேலை முடிந்தது என்று நாடகம் நின்றுவிடுகிறது, அந்த மௌனமே பயமாக இருக்கும். யூரிப்பிடிஸ் வேறு மாதிரி. அவருடைய ‘எலெக்ட்ரா’வில் கொன்றபின் அக்காள் தம்பி இருவரும் உடைந்துபோகிறார்கள், அப்போலோ சொன்னது புத்தியான வாக்கு இல்லை என்று தெய்வங்களே சொல்கின்றன. கி.மு. 408இல் வந்த ‘ஒரெஸ்டெஸ்’ நாடகத்தில் கிளைட்டம்னெஸ்ட்ராவின் தகப்பன் டிண்டாரியஸ் ஒரு நேரான கேள்வி கேட்கிறார்: சட்டம் இருந்ததே, வழக்குப் போட்டுத் தாயை வீட்டைவிட்டு வெளியேற்றியிருக்கலாமே, மனைவி கணவனைக் கொல்வதும் மகன் தாயைக் கொல்வதும் அவன் மகன் திரும்பக் கொல்வதும் என்றால் இது எங்கே போய் நிற்கும்? மகளைப் பறிகொடுத்த தகப்பன் இதைச் சொல்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

வேறு குடும்பங்களிலும் இப்படி நடந்ததா?

நிறைய. அல்தேயாவின் கதை மட்டும் சொல்கிறேன். மகன் மெலியேகர் பிறந்தபோது, அடுப்பில் எரியும் அந்தக் கட்டை எரிந்து தீரும்வரைதான் இவன் உயிர் என்று விதித்தேவதைகள் சொல்ல, அவள் கட்டையை அணைத்துப் பெட்டியில் பூட்டி வைக்கிறாள். மகன் பெரியவனாகி, காட்டுப்பன்றி வேட்டைச் சண்டையில் அவளுடைய அண்ணன் தம்பிகளைக் கொன்றுவிடுகிறான். பிறந்த வீடா பெற்ற பிள்ளையா என்று திண்டாடி, கடைசியில் அந்தக் கட்டையை எடுத்துத் தீயில் போடுகிறாள். மகன் செத்தபின் அவளும் உயிரை விடுகிறாள்.

கடைசியாக, இஃபிஜெனியாவுக்கு நீதி கிடைத்ததா?

வாய்க்கட்டுக்குத் திரும்ப வருவோம் என்றேன். ஏதென்ஸில் நடந்த வழக்கில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. அப்போலோ எடுக்கவில்லை, எரினிகள் எடுக்கவில்லை, ஆவியாக வந்து கூச்சல் போடும் தாய்கூட அங்கே அவளைச் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாடகத்தில் எலெக்ட்ரா மட்டும் ஒரு வரியில், இரக்கமில்லாமல் பலி கொடுக்கப்பட்ட நம் அக்காள் என்று பெயர் சொல்லாமல் நினைத்துக்கொள்கிறாள். முதல் ரத்தம் அவளுடையது, அதற்காக எந்த நடுவரும் கூடவில்லை.

யூரிப்பிடிஸுக்கு இது பொறுக்கவில்லை போலிருக்கிறது. அவருடைய ‘டாரிஸில் இஃபிஜெனியா’ நாடகத்தில் அவள் சாகவே இல்லை. கத்தி இறங்கும் நேரத்தில் ஆர்ட்டெமிஸ் ஒரு மானை வைத்துவிட்டு அவளைத் தூரதேசமான டாரிஸுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே வந்து சேரும் அந்நியர்களைப் பலிக்குத் தயார்செய்யும் பூசாரி வேலை அவளுக்கு. தீர்ப்பை ஏற்காத சில எரினிகள் இன்னும் துரத்துவதால் ஒரெஸ்டெஸும் பிலாடிஸும் அதே கரையில் வந்து சிக்குகிறார்கள். அக்காளுக்குத் தம்பியைத் தெரியவில்லை, தம்பிக்கு அக்காளைத் தெரியவில்லை. ஒருவனைப் பலி கொடுத்துவிட்டு இன்னொருவனிடம் ஊருக்குக் கடிதம் கொடுத்து அனுப்ப முடிவு செய்கிறாள். கப்பல் கவிழ்ந்து கடிதம் தொலைந்துபோனாலும் சேதி போய்ச் சேரவேண்டுமே என்று பிலாடிஸிடம் அதை வாயால் சொல்லிக்காட்டுகிறாள்: அகமெம்னானின் மகன் ஒரெஸ்டெஸிடம் சொல், ஆலிஸில் வெட்டப்பட்டவள் உயிரோடு இருக்கிறாள், வந்து அழைத்துப்போ.

பிலாடிஸ் கடிதத்தை வாங்கி, பக்கத்தில் நின்ற ஒரெஸ்டெஸிடம் நீட்டுகிறான். இதோ, உன் அக்காள் கொடுத்தது.